ஆஸ்பத்திரி, ஹோட்டல், பஸ் ஸ்டாண்ட் சுவர்ல எல்லாம் நம்ம ஊர் ஆர்ட்டிஸ்ட் வேலை வரணும்னா என்ன செய்யணும்?

உறையூர்_வரைபடம்:

வணக்கம் மக்களே. நான் திருச்சில ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இன்டீரியர் டிராயிங் பாத்துக்கறேன். எங்களுக்கு வர்றது பெரும்பாலும் கிளினிக், சின்ன ஹோட்டல், கல்யாண மண்டபம், நடுத்தர வீடுங்கதான். எல்லா வேலையிலயும் ஒரே மாதிரிதான் நடக்குது. டைல்ஸ் ஆச்சு, ஃபால்ஸ் சீலிங் ஆச்சு, லைட் ஆச்சு, திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஓனர் வந்து நின்னு "அந்த சுவர் மொட்டையா இருக்கே, ஏதாச்சும் மாட்டுங்க தம்பி"ம்பார். உடனே ஆன்லைன்ல பாத்து ஓடுற ஏழு குதிரை, இல்லன்னா புத்தர் தலை, இல்லன்னா எந்த ஊர்னே தெரியாத மழைத்தெருவுல குடை புடிச்சிட்டு போற ஜோடி. பிரிண்ட் வருது, ஆணி அடிக்கறோம், முடிஞ்சது.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, இங்கேர்ந்து பஸ் ஏறினா தஞ்சாவூர், அங்க தலைமுறையா படம் போடற குடும்பங்க இருக்கு. அதுக்கு அந்தாண்ட கும்பகோணத்துல அரசு கவின் கலைக் கல்லூரி, வருஷா வருஷம் புள்ளைங்க படிச்சு வெளிய வருது. புதுக்கோட்டை பக்கம் போனா அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யற வேளார் இருக்காங்க. இத்தனை கை சுத்தி இருந்தும் எங்க டிராயிங்ல ஒரு ஆர்ட்டிஸ்ட் பேர் வர்றதில்ல.

இப்ப ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கு. ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி, கட்டடம் பூச்சு வேலை நடக்குது. வெயிட்டிங் ஹால்ல ஒரு பெரிய சுவர், வெளிய ரோட்டை பாத்து நீளமா காம்பவுண்ட் சுவர். டாக்டரம்மாகிட்ட பேசினேன், "செய்யலாம், ஆனா எப்படின்னு நீங்க சொல்லுங்க"ன்னுட்டாங்க. எப்படி ஆளை தேடறது, காசு எப்படி பேசறது, எழுத்துல என்ன போடணும், சுவர் எப்படி தயார் பண்ணணும், எல்லாமே சொல்லுங்க. அனுபவம் உள்ளவங்க கோவிச்சுக்காம விரிவா எழுதுங்க.

போர்டுகடை_அண்ணன்:

தம்பி, மதுரைலேர்ந்து எழுதுறேன். போர்டு எழுதுறது, பேனர் வரையறது ரெண்டும் பாத்தவன். எங்க காலத்துல தியேட்டர் வாசல்ல நிக்கிற கட்அவுட்லேர்ந்து டீக்கடை பலகை வரைக்கும் எல்லாம் கைதான். 2000க்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் மெஷின் வந்துச்சு, ரெண்டு மூணு வருஷத்துல பட்டறை பட்டறையா மூடினாங்க, தொழில் தெரிஞ்ச ஆளுங்க செக்யூரிட்டி வேலைக்கும் ஆட்டோவுக்கும் போனாங்க. அதனால நீ இந்த கேள்வி கேட்டதே எனக்கு சந்தோஷம்.

2010 வாக்குல சென்னை மாநகராட்சி அண்ணா சாலை சுவர்ல எல்லாம் போஸ்டர் ஒட்டாம இருக்க படம் வரைய வெச்சுது, ஞாபகம் இருக்கா? ஃப்ளெக்ஸ்ல வேலை போன பேனர் ஆர்ட்டிஸ்ட் நிறைய பேர் அதுல பிரஷ் புடிச்சாங்க. மகாபலிபுரம் கோயில், நாட்டியம், மாடு பூட்டின வண்டின்னு வரைஞ்சிருப்பாங்க. ரோட்டுல போறவன் நின்னு பாத்தான். படம் இருக்கிற சுவர்ல ஒட்டறதுக்கு போஸ்டர் ஒட்டறவனுக்கே கை கூசுச்சு. சுவருக்கு படம் என்ன செய்யும்ங்கறதுக்கு அதை விட பெரிய சாட்சி வேண்டாம்.

இப்ப வேலைக்கு வா. பூச்சு நடக்குதுன்னு சொல்றியே, அதுதான் நல்ல நேரம், இப்பவே ஆளை கூட்டிட்டு போய் சுவரை காட்டு. புது பூச்சு நல்லா தண்ணி குடிச்சு காயணும், பூசி ஒரு மாசமாவது ஆகாம கலர் போடக்கூடாது, சிமெண்ட்ல இருக்கிற காரம் கலரை தின்னுரும். காம்பவுண்ட் சுவர்ல பெரிய எதிரி ஓதம். கீழேர்ந்து ஈரம் ஏறி உப்பு பூத்து பொரிஞ்சு வரும், எவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சாலும் அடுத்த மழைக்கு கீழ் ஒரு அடி உதிர்ந்துரும். மேல சுவர் தலைக்கு சரிவா கோப்பிங் போட சொல்லு, தண்ணி முகத்துல வழியாது. கீழ் ஒரு அடி, ஒன்றரை அடிய படத்துல சேக்காதீங்க, கல்லு பதிச்சோ ஒரே கலர் அடிச்சோ விட்டுருங்க, அத வருஷா வருஷம் நீங்களே அடிச்சுக்கலாம், படம் தப்பிச்சுக்கும்.

பழைய சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா எல்லாத்தையும் சுரண்டி எடுக்கணும், சுண்ணாம்பு மேல எனாமல் போட்டா அப்பளமா உரிஞ்சு வரும். வெளிச்சுவருக்கு எக்ஸ்டீரியர் எமல்ஷன்தான் சரி. வெயில் அடிக்கிற மேற்கு சுவர்னா சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், காவி, செங்கல் கலர், மண் மஞ்சள் மாதிரி ஆக்சைடு கலர்ல போனா வருஷக்கணக்குல நிக்கும். ஐப்பசி கார்த்திகைல வெளிச்சுவர் வேலை ஆரம்பிக்காதீங்க. தை, மாசி, பங்குனி போதும்.

நேர்பேச்சு:

எதிர்த்து பேசறேன்னு நினைக்காதீங்க. நான் ஒரு லாட்ஜ் நடத்தறவன், பக்கத்துலயே ரெஸ்டாரண்ட். உள்ளூர் ஆர்ட்டிஸ்ட்டுக்கு கொடுக்கணும்னு ஆசைப்பட்டு கொடுத்தேன். அட்வான்ஸ் வாங்கினார், கொஞ்ச நாள் வந்தார், நடுவுல ஒரு கோயில் வேலை வந்துருச்சுன்னு போயிட்டார். ரெஸ்டாரண்ட் சுவர் பாதி மயில், பாதி பென்சில் கோடா நின்னுச்சு. கஸ்டமர் கேக்கறான். நான் என்ன செய்ய? கடைசில வால்பேப்பர் ஒட்டினேன்.

பிரிண்ட்னா விலை முன்னாடியே தெரியும், என்னைக்கு வரும்னு தெரியும், பிடிக்கலன்னா மாத்தலாம். கலை மேல எனக்கும் மரியாதை இருக்கு. ஆனா கடன் வாங்கி கடை வெச்சவனுக்கு தேதி முக்கியம். இத யாரும் பேச மாட்டேங்கறீங்க.

போர்டுகடை_அண்ணன்:

நேர்பேச்சு சார் சொல்றது நியாயம், அப்படி நடக்குது, நானும் பாத்திருக்கேன். ஏன் நடக்குதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நம்ம ஆளுக்கு வருஷத்துல வேலை இருக்கிறதே கொஞ்ச நாள். கோயில் கும்பாபிஷேக வேலை வந்தா அதுல தினக்கூலி, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் உண்டு, பேச்சு பேச்சா இருக்கும். உங்க கடையில மொத்தமா ஒரு தொகைய பேசி, அட்வான்ஸ் ஒரு சின்ன பங்கு கொடுத்து, மீதிய முடிஞ்சப்புறம்னு சொல்லிருப்பீங்க. பெயிண்ட் வாங்கவே அந்த அட்வான்ஸ் போயிருக்கும். வீட்ல அரிசிக்கு என்ன பண்ணுவான்? கூலி கிடைக்கிற பக்கம் போவான்.

பணத்த வேலையோட ஒட்டி கொடுங்க. ஸ்கெட்ச்சுக்கு தனியா ஒரு காசு, அது வேலை நடந்தாலும் நடக்கலன்னாலும் அவனுக்கு. பெயிண்ட்டும் சாரமும் ஓனர் நேரா வாங்கிக் கொடுக்கணும். கட்டம் போட்டு அவுட்லைன் முடிஞ்சா ஒரு பங்கு, கலர் நிரப்பினா ஒரு பங்கு, முடிச்சு கிளியர் கோட் அடிச்சப்புறம் மீதி. இப்படி பேசின வேலைய பாதில விட்டுட்டு போன ஆளை நான் பாத்ததில்ல.

ஓஎம்ஆர்_மலர்:

நான் கண்ணகி நகர்ல வளர்ந்தவ. சென்னைக்காரங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன், துரைப்பாக்கம் பக்கம் 2000லேர்ந்து நகரத்துக்குள்ள ஆத்தங்கரை, ரோட்டோரம்னு இருந்த குடிசைவாசிங்கள கொண்டுவந்து குடி வெச்ச இடம். பல்லாயிரம் குடும்பம் இருக்கு. எங்க அட்ரஸ் சொன்னா வேலை கொடுக்க யோசிப்பாங்க, ஆட்டோ வராது, அதெல்லாம் பாத்துதான் வளர்ந்தோம்.

2020 ஆரம்பத்துல ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன், ஏசியன் பெயிண்ட்ஸ், மாநகராட்சி எல்லாம் சேர்ந்து எங்க பிளாக் சுவர்ல பெரிய பெரிய படம் வரைஞ்சாங்க. மூணு நாலு மாடி உயரத்துக்கு முகங்கள். ரெண்டு சின்ன புள்ளைங்க சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கும், அதைத்தான் பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. மொத மொதல்ல எங்க ஏரியா பேர் குத்து, வெட்டு, கஞ்சா இல்லாம பேப்பர்ல வந்துச்சு. வெளியூர் ஆளுங்க கேமராவோட வந்தாங்க. என் தம்பி "அக்கா நம்ம வீடு இருக்கிற பிளாக்குதான் இது"ன்னு போன்ல ஃப்ரெண்ட்ஸ்க்கு காட்டினான். அதுக்கு முன்னாடி வீட்டு அட்ரஸ மறைச்சவன் அவன். அதனால சுவர்ல கலர் அடிச்சா என்ன கிடைக்கும்னு யாராவது கேட்டா எனக்கு கோவம் வரும்.

அதே நேரம் இன்னொண்ணும் சொல்லணும். கலர் வந்ததால குழாய்ல தண்ணி வந்துராது, வேலை பக்கத்துல வந்துராது. ரெண்டையும் கேக்கணும், ஒண்ண காட்டி ஒண்ண மறக்கக்கூடாது. அப்புறம், இந்த மாதிரி வேலை எங்க நடந்தாலும் அந்த ஏரியா புள்ளைங்க நாலு பேரையாவது கூட வெச்சு கூலி கொடுத்து கத்துக் கொடுங்க. பெரிய ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சு முடிச்சு போயிருவார், படம் வெளுத்தா அதே உயரத்துல ஏறி டச்சப் பண்ண ஏரியாவுல ஆள் இருக்கணும். திருச்சி அண்ணா, உங்க காம்பவுண்ட் சுவருக்கும் இத யோசிங்க.

கலர்_பெட்டி:

மலர் சொன்னது அப்படியே உண்மை. சென்னைல இந்திரா நகர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் முகப்புல ஏ-கில்ங்கற தெரு ஓவியர் வரைஞ்சத பாத்திருப்பீங்க, வரிசையா சாதாரண ஜனங்க முகம். எச்ஐவி பத்தின ஒதுக்குதலுக்கு எதிரா வரைஞ்சது. அந்த முகங்கள்ல யாருக்கு தொற்று இருக்கு யாருக்கு இல்லன்னு பாத்து சொல்லவே முடியாது, அதுதான் அந்த படத்தோட வேலையே. தினம் ரயில் ஏறப் போற ஆளு, மியூசியத்துக்கு ஜென்மத்துல போகாத ஆளு, அத பாத்துட்டு போறார்.

நான் கவின் கலை படிச்சவ, மியூரல், அதாவது சுவர் ஓவிய வேலைதான் பண்றேன். ஒரு விஷயம் ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். "லோக்கல் ஆர்ட்டிஸ்ட்"னு கூப்பிடறவங்க எல்லாரும் எங்ககிட்ட கேக்கறது கோலம், ஜல்லிக்கட்டு காளை, பரதநாட்டிய கண்ணு, கோயில் கோபுரம். சென்னை ஏர்போர்ட்ல 2023ல திறந்த புது டெர்மினல்லயும் கோலம், புடவை, கோயில்னுதான் டிசைன், அங்க அது அழகாவும் இருக்கு, வெளிநாட்லேர்ந்து வந்து இறங்கறவனுக்கு முதல் பார்வை அது, சரி. ஆனா வேளச்சேரில ஒரு பல் டாக்டர் கிளினிக்ல எதுக்கு காளை? உள்ளூர் ஆர்ட்டிஸ்ட்னா உள்ளூர்ல வாழற ஆர்ட்டிஸ்ட். அவ என்ன பாக்கறா, அவ தெரு எப்படி இருக்கு, அவ கை எதுக்கு பழகியிருக்குன்னு கேட்டு அத வரைய விடுங்க. எனக்கு பஸ் ஜன்னல் பிடிக்கும், மொட்டமாடி துணிக்கொடி பிடிக்கும், மழை நின்னப்புறம் தேங்கின தண்ணி பிடிக்கும். இத கேட்டு வந்த கிளையண்ட் ரொம்ப கம்மி.

குழந்தைங்க ஆஸ்பத்திரின்னா தயவு செஞ்சு இன்டர்நெட் கார்ட்டூன் பொம்மைய காப்பி அடிக்க சொல்லாதீங்க. காய்ச்சலோட மடியில படுத்திருக்கிற குழந்தை ஒரே சுவர அரை மணி நேரம் பாக்கும். அதுக்குள்ள தேடி கண்டுபிடிக்க ஏதாவது இருக்கணும். ஒரு மரம், அதுல ஒளிஞ்சிருக்கிற அணில், ஓணான், கிளைல மாட்டின பட்டம், கீழ உருண்டு கிடக்கிற பம்பரம்னு. குழந்தை கண் உயரம் எங்க இருக்குன்னு தரைல உக்காந்து பாத்துட்டு அங்கேர்ந்து வரைய ஆரம்பிக்கணும். பெரியவங்க நின்னு பாக்கற உயரத்துல எல்லாத்தையும் வெச்சா அந்த சுவர் குழந்தைக்கு இல்ல.

கோவில்பட்டி_எக்ஸ்பிரஸ்:

இன்டீரியர் டிசைன்ங்கற பேர் வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊர் வீட்டுக்குள்ள ஆர்ட்டிஸ்ட் வந்தாச்சு. எங்க ஊர் கொண்டைய ராஜுவ எத்தனை பேருக்கு தெரியும்? சாமி படம் வரைஞ்சார், அவரும் அவர் சிஷ்யங்களும் வரைஞ்சது சிவகாசி அச்சுல காலண்டரா அடிச்சு வீட்டுக்கு வீடு போச்சு. மளிகைக்கடை கொடுக்கிற காலண்டர்ல இருக்கிற முருகனையும் மீனாட்சியையும் வருஷம் முடிஞ்சா தூக்கி போட மனசு வராம கண்ணாடி ஃப்ரேம் போட்டு பூஜை ரூம்ல வெச்சாங்க நம்ம பாட்டிங்க. தமிழ்நாட்டுல ஒரு கையோட வேலை அவ்ளோ வீட்டு சுவர்ல இருந்திருக்குன்னா அது அவர் வேலைதான்னு நான் சொல்லுவேன். அவர் முறையா ஓவியக் கல்லூரில படிச்சவர். பெரிய ஓவியம் கேலரிக்குத்தான், காலண்டர் சின்ன வேலைங்கற நினைப்பு அவருக்கு இருந்திருந்தா நம்ம வீட்டு சுவர் காலியாத்தான் இருந்திருக்கும்.

அதே மாதிரி சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமைல ஓவியருங்க சேர்ந்து சென்னை பக்கம் ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கி கிராமம் ஆரம்பிச்சாங்க. படம் வித்து சாப்பிட முடியாத காலம். பாத்திக் துணி (மெழுகு வெச்சு சாயம் போடறது), கைவினைப் பொருள் எல்லாம் செஞ்சு வித்துதான் நிலத்துக்கும் சோத்துக்கும் காசு தேத்தினாங்க. வீட்டுக்குள்ள போற பொருள் செஞ்சதால அவங்க ஓவியம் ஒண்ணும் தரம் இறங்கல, அதுதான் அவங்கள ஓவியரா இருக்க விட்டுச்சு.

யாழ்_கீறல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கொழும்பில கட்டடத் துறையில வேலை. திருச்சி அண்ணை கேட்ட கேள்விக்கு எங்கட நாட்டில நல்ல உதாரணம் ஒண்டு இருக்கு, அதை சொல்லாமல் போக மனமில்லை.

ஜெஃப்ரி பாவா எண்ட கட்டடக் கலைஞர் தன்ர கட்டடங்களுக்கு சித்திரக்காரரையும் பத்திக் செய்யிறவையையும் முதலே கூப்பிட்டு வைச்சு வேலை செய்தவர். பெந்தோட்டையில 1969இல கட்டின பீச் ஹோட்டலின்ர வரவேற்பு மண்டபக் கூரை முழுக்க ஈனா டி சில்வாவின்ர பத்திக் துணி. உள்ள போனவுடனே தலையை நிமித்திப் பாக்காமல் ஒருத்தரும் போகேலாது. காலி நகரத்தில லைட்ஹவுஸ் ஹோட்டல் எண்டு ஒண்டு, அங்க சுழல் படிக்கட்டுக் கைப்பிடியில லக்கி சேனநாயக்க செய்த உலோகப் போர்வீரர்கள், போர்த்துக்கீசரோட நடந்த சண்டை. படி ஏற ஏற சண்டைக்குள்ளால நீங்கள் நடக்கிறியள். கோட்டேயில 1982இல திறந்த பாராளுமன்றத்துக்குள்ள தொங்கிற ஓலை மாதிரியான பெரிய விளக்கும் அவர் செய்தது. இதெல்லாம் கட்டி முடிச்சாப் பிறகு கொண்டுவந்து மாட்டினதில்லை. அந்தப் படிக்கட்டில இருந்து சிலையளை எடுத்தால் படிக்கட்டே இல்லை. ஆர்ட்டிஸ்டை எப்ப கூப்பிடுறது எண்டதுக்கு என்ர பதில் இதுதான், பிளான் கீறேக்கையே.

வீதிச் சுவர் பற்றியும் ஒரு வசனம். 2019 கடைசியில ஜனாதிபதித் தேர்தல் முடிஞ்ச கையோட நாடு முழுக்கப் பெடியளும் பெட்டையளும் தாங்களாவே சுவர்களில சித்திரம் கீறத் தொடங்கிச்சினம், யாழ்ப்பாணத்திலயும் நடந்தது. கைக்காசு போட்டு, பெயிண்ட் சேத்து. வடிவா இருந்தது, ஆனால் எந்தச் சுவரில ஆரின்ர கதையைக் கீறுறது எண்டு பெரிய வாக்குவாதமும் வந்தது. பொதுச் சுவர் எண்டால் அந்தக் கதை வரத்தான் செய்யும், வரவும் வேணும். அந்த ஊர்ச் சனத்தோட முதல் கதைச்சுப்போட்டு தொடங்கினால் நல்லது.

நேர்பேச்சு:

யாழ் தம்பி சொல்றது பெரிய ஹோட்டல், பாராளுமன்றம். நம்ம லாட்ஜுக்கு அதெல்லாம் ஆகுமா? பட்ஜெட் எங்கேர்ந்து வரும்?

காரைக்குடி_மீனா:

ஆகும் அண்ணே. எங்க பக்கம் ஆத்தங்குடி கல்லு, தரைக்கு போடற சிமெண்ட் டைல்ஸ், இருக்கே, அது என்ன பணக்காரங்களுக்கு மட்டும் உள்ளதா? கண்ணாடித் தகடு மேல ஃப்ரேம் வெச்சு, உள்ள டிசைன் தகட்டுல கலர் சிமெண்ட்ட கையால ஊத்தி, மேல காஞ்ச மணலும் சிமெண்ட்டும் தூவி, அதுக்கு மேல கலவை போட்டு, அப்புறம் தண்ணித் தொட்டில ஊற வெச்சு எடுப்பாங்க. சூளையே கிடையாது. அந்த பளபளப்பு கண்ணாடிலேர்ந்து வர்றது. ஒரு பூ இதழ்ல கலர் எந்தப் பக்கம் சாஞ்சு ஓடணும்னு முடிவு பண்றது அங்க உக்காந்திருக்கிற ஆளோட கைதான். ஒவ்வொரு கல்லும் லேசா வேற வேறயா இருக்கும். நான் அந்த ஆள ஆர்ட்டிஸ்ட்னுதான் சொல்லுவேன்.

தரைக்கு எப்படியும் டைல்ஸ் போடப் போறீங்க. அந்த காசுல ஒரு பகுதிய, ரிசப்ஷன்ல மட்டும், இல்லன்னா சுவர்ல ஒரு பட்டையா, நம்ம கையால செஞ்சதுக்கு மாத்துங்க. ஆர்ட்டுக்குன்னு தனி பட்ஜெட் வேண்டாம், ஏற்கனவே இருக்கிற பட்ஜெட்டுக்குள்ளயே இருக்கு. ஜன்னல் கிரில் வெல்டிங் பண்றவர்கிட்ட கேட்லாக் படத்துக்கு பதிலா ஒரு ஆர்ட்டிஸ்ட் வரைஞ்ச கோட்ட கொடுங்க. மரக்கதவு, கைப்பிடி, லைட் ஷேடு, மெனு கார்டு, பில்லு புக் அட்டை, எல்லாத்துலயும் ஒரு கை வரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, ஆத்தங்குடி கல்லுல ஆசிட் ஊத்தி கழுவக்கூடாது, சிமெண்ட்ட தின்னுரும், கலர் செத்துரும். வீட்டு வேலைக்கு வர்றவங்ககிட்ட மொத நாளே சொல்லிருங்க. வெறும் தண்ணி, எப்பவாவது துணில லேசா தேங்காண்ணெய், போதும்.

தஞ்சாவூர் படம் வாங்கி மாட்டறவங்களுக்கும் ஒண்ணு. பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்பு மாவும் புளியங்கொட்டை பசையும் பூசி, மேல தங்கரேக்கு வெச்சு செய்யறது அது. பாத்ரூம் பக்கம் ஈரம் இறங்கற சுவர்ல மாட்டினா பலகை வளையும், ரேக்கு கிளம்பும். உள்சுவர்ல, நேர் வெயில் படாத இடத்துல மாட்டுங்க. அது 2007லேர்ந்து புவிசார் குறியீடு வாங்கின பொருள், அந்த பேர்ல வர்ற மலிவான பிரிண்ட்ட வாங்கிட்டு தஞ்சாவூர் படம்னு சொல்லிக்காதீங்க.

உறையூர்_வரைபடம்:

மீனா சொன்ன டைல்ஸ் கணக்கு எனக்கு ரொம்ப உபயோகம், நான் அந்த கோணத்துல யோசிக்கவே இல்ல. எஸ்டிமேட்ல "ஆர்ட் ஒர்க்"னு ஒரு வரி போட்டா ஓனர் மொதல்ல அடிக்கிறது அந்த வரியத்தான். ஃப்ளோரிங், கிரில், பெயிண்டிங்ங்கற வரிக்குள்ள சேத்துட்டா அது தாக்குப் பிடிக்கும்.

இப்ப எழுத்து விஷயம். சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? நாளைக்கு டாக்டரம்மா அந்த சுவர இடிச்சு ரூம் கட்டணும்னா என்ன? அந்த படத்த ஆஸ்பத்திரி விளம்பரத்துல போட்டுக்கலாமா? ஆர்ட்டிஸ்ட் கேட்டா என்ன சொல்ல?

வக்கீல்_தோட்டம்:

நான் சொல்றேன். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், ரெண்டு பிரிவு தெரிஞ்சா போதும்.

பிரிவு 17. ஒருத்தர் காசு கொடுத்து ஒரு ஓவியம் வரைய சொன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, காப்புரிமைக்கு முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். நிறைய ஆர்ட்டிஸ்ட்டுக்கு இது தெரியாது, நம்ம வரைஞ்சது நம்மளுதுன்னு நினைச்சிட்டு இருப்பாங்க. அதனால ஆர்ட்டிஸ்ட் தன் படத்த புத்தகத்துல, பிரிண்ட்ல, போர்ட்ஃபோலியோவுல பயன்படுத்தணும்னா ஒப்பந்தத்துலயே அத எழுதி வாங்கிடணும்.

பிரிவு 57. இது ஆசிரியரோட தார்மீக உரிமை. காப்புரிமைய வித்துட்டாலும் இது அவர்கிட்டயே இருக்கும். இது என் வேலைன்னு உரிமை கோரலாம், தன் மதிப்புக்கும் பேருக்கும் கேடு வர்ற மாதிரி படைப்ப சிதைச்சா தடுக்கலாம், நஷ்டஈடு கேக்கலாம். இதுல பெரிய வழக்கு அமர்நாத் சேகல் வழக்கு. டெல்லி விஞ்ஞான் பவன்ல அவர் வெண்கலத்துல செஞ்ச பிரம்மாண்டமான சுவர்ச் சிற்பத்த 1979ல கழட்டி குடோன்ல போட்டாங்க, அதுல பாகங்கள் உடைஞ்சுது, காணாமலும் போச்சு. அவர் கோர்ட்டுக்கு போனார். 2005ல டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சம் இருந்தத அவர்கிட்டயே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவும் சொல்லுச்சு. அரசாங்கத்த எதிர்த்து ஒரு கலைஞர் ஜெயிச்ச வழக்கு, ஒவ்வொரு ஆர்ட்டிஸ்ட்டும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

ஆனா கட்டடத்தையே இடிக்கிறத தடுக்க இத வெச்சு முடியும்னு நம்பாதீங்க. டெல்லில ஹால் ஆஃப் நேஷன்ஸ்ங்கற கண்காட்சி மண்டபத்த 2017ல இடிச்சப்புறம் அத வடிவமைச்ச ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவால் போட்ட வழக்கு 2019ல நிக்கல. அதனால எழுத்துல போட்டுருங்க, சுவர மாத்தணும்னா ஆர்ட்டிஸ்ட்டுக்கு முன்கூட்டி எழுத்துல சொல்லணும், படம் எடுத்து பதிவு பண்ண நேரம் கொடுக்கணும், கழட்ட முடிஞ்ச வேலைன்னா மொதல்ல அவருக்கு எடுத்துக்க வாய்ப்பு. விளம்பரத்துல போடணும்னா பேரோட போடணும். பேர் சுவர்லயும் இருக்கணும், மூலைல கையெழுத்து மட்டும் இல்லாம படிக்கிற மாதிரி ஒரு சின்ன பலகை, பேர், வருஷம், ஊர். இது ரெண்டு பக்க பேப்பர்ல முடியற வேலை. முத்திரைத்தாள்ல போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா நேர்பேச்சு சாருக்கு வந்த கஷ்டத்துக்கும் அதுலயே பதில் இருக்கும், தேதி தவறினா என்னங்கறதும் அதே பேப்பர்லதான் வரும்.

கலர்_பெட்டி:

வக்கீல் அம்மா, பேர்ப்பலகைன்னு எழுதினத பாத்து எனக்கு கண்ணு கலங்கிருச்சு. உண்மையா சொல்றேன். திறப்பு விழா கல்வெட்டுல திறந்து வெச்சவர் பேர், முன்னிலை வகிச்சவர் பேர், கான்ட்ராக்டர் பேர் வரைக்கும் இருக்கும். வெயில்ல சாரத்துல நின்னு வரைஞ்சவ பேர் இருக்காது. மெரினால உழைப்பாளர் சிலைய தினம் எத்தனை பேர் பாக்கறாங்க, தேவி பிரசாத் ராய் சவுத்ரி செஞ்சதுன்னு எத்தனை பேருக்கு தெரியும்? அவ்ளோ பெரிய சிற்பிக்கே அந்த நிலைமைன்னா வேளார் செஞ்ச மண்குதிரைய ரிசார்ட் லாபில வெச்சிருக்காங்களே, அங்க செஞ்சவர் பேர் எங்க?

இன்னொண்ணு. "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்"னு சொல்லி சும்மா வரைய கூப்பிடாதீங்க. கல்லூரி புள்ளைங்கள போட்டின்னு கூப்பிட்டு, சுவர் முழுக்க வரைய வெச்சு, சர்டிஃபிகேட்டும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து அனுப்பறது பல ஊர்ல நடக்குது. எலக்ட்ரீஷியன யாராச்சும் போட்டி வெச்சு கூப்பிடறாங்களா?

கோவில்பட்டி_எக்ஸ்பிரஸ்:

அரசாங்க கட்டடத்துக்கு ஒரு வழி இருக்கு. பிரான்ஸ்ல 1951லேர்ந்து பொதுக் கட்டடச் செலவுல ஒரு சதவீதம் கலைக்குன்னு ஒதுக்கறாங்க, ஸ்கூல் கட்டினாலே அதுல ஒரு கலைஞருக்கு வேலை உண்டு. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரம் 1959ல இதே மாதிரி விதி கொண்டு வந்துச்சு. நம்ம ஊர்ல புது பஸ் ஸ்டாண்டு, தாலுகா ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரின்னு கட்டிட்டே இருக்காங்க. எஸ்டிமேட் போடும்போதே ஒரு சதவீதம் அந்த மாவட்டத்து கலைஞருக்குன்னு ஒரு வரி இருந்தா போதும், கும்பகோணத்துலயும் சென்னைலயும் படிச்சு வர்ற புள்ளைங்க, மாமல்லபுரத்துல சிற்பம் படிச்சு வர்ற புள்ளைங்க பாதி பேர் வேற வேலைக்கு போக வேண்டியதில்ல. இத உங்க எம்எல்ஏகிட்ட மனுவா கொடுங்க, நான் எங்க ஊர்ல கொடுக்கப் போறேன்.

நேர்பேச்சு:

சரி, நான் கேட்டதுக்கு எல்லாரும் பொறுமையா பதில் சொன்னீங்க, நன்றி. அடுத்த மாடி கட்டறேன், ரிசப்ஷன் தரைக்கு மீனா சொன்ன கல்லு பாக்கறேன். போர்டுகடை அண்ணன் சொன்ன மாதிரி பங்கு பங்கா காசு கொடுத்து பேசற ஆள் திண்டுக்கல் பக்கம் யாராவது இருந்தா தனி மெசேஜ் பண்ணுங்க. ரெஸ்டாரண்ட் வால்பேப்பர் ஓரம் கிளம்பிருச்சு, அதையும் சேத்து பேசிக்கலாம்.

உறையூர்_வரைபடம்:

டாக்டரம்மாகிட்ட இன்னைக்கு சாயங்காலம் இந்த பக்கத்த அப்படியே படிச்சு காட்டினேன். ஸ்கெட்ச்சுக்கு தனி காசு, பேர்ப்பலகை, கீழ ஒன்றரை அடி கல்லு, தை பொறந்தப்புறம் வெளிச்சுவர், எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க. உள்ள வெயிட்டிங் ஹால் சுவருக்கு மரம், அணில்னு கலர்_பெட்டி சொன்னத கேட்டு "அந்த பொண்ணே வருவாங்களா?"ன்னு கேட்டாங்க. மெசேஜ் அனுப்பியிருக்கேன், பாருங்க. காம்பவுண்ட் சுவருக்கு தெருவுல இருக்கிற கார்ப்பரேஷன் ஸ்கூல் பசங்க நாலு பேர கூலியோட சேக்கலாம்னு சொன்னப்போ, பத்தாவது பரீட்சை எழுதறவங்க வேண்டாம், காலேஜ் போற வயசு பசங்களா பாருங்கன்னாங்க, அது சரிதான்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். சாரம் கட்டறப்போ யாராவது விழுந்தா பொறுப்பு யாரு? அது எங்க எழுதணும்?

வக்கீல்_தோட்டம்:

அதே பேப்பர்ல. சாரம் கட்டறது, ஹெல்மெட், பெல்ட், இன்சூரன்ஸ் நாலும் ஓனர் இல்லன்னா கான்ட்ராக்டர் பொறுப்புன்னு தெளிவா போடுங்க, ஆர்ட்டிஸ்ட் தலைல கட்டாதீங்க. ஏற்கனவே கட்டட வேலைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பாங்க, அதுல ஆர்ட்டிஸ்ட்டும் கூட வர்ற பசங்களும் சேர்றாங்களான்னு கான்ட்ராக்டர்கிட்ட கேட்டு எழுத்துல வாங்குங்க.

போர்டுகடை_அண்ணன்:

சாரம் சவுக்குக் கம்புல கட்டாம இரும்பு பைப்புல கட்ட சொல்லு. நடுவுல பலகை ரெண்டு வரிசை போடணும், ஒத்த பலகைல நின்னு பின்னாடி தள்ளி படத்த பாக்க முடியாது. படத்த தள்ளி நின்னு பாக்கத்தான் ஆர்ட்டிஸ்ட் கால் தன்னால பின்னாடி போகும்.

கலர்_பெட்டி:

மெசேஜ் பாத்தேன். வர்றேன். சுவரோட நீள அகலம், ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எத்தனை மணிக்கு எங்க விழுதுன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஹால்ல சேர் போடற உயரமும் வேணும்.